தெருவுக்கெல்லாம் கொடுத்த கோட்டு

பீரோவைத் திறந்தாயிற்று. கோட்டு இல்லை.

நாகேஷ் மறுபடியும் மேல் தட்டிலிருந்து ஆரம்பித்தான். அண்ணியின் பட்டுப்புடவைகள், ஒரு பழைய ஸ்வெட்டர், மருந்துக் கடைப் பைகள், போர்வை. மண்டியிட்டுக் கீழ்த் தட்டையும் கலைத்துப் போட்டான். ஹாலில் பெண்கள் அழுகிற சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மூன்று மணிக்கு எடுக்க வேண்டும். அதற்குள் அந்த நீலக் கோட்டு அவன் கைக்கு வந்தாக வேண்டும்.

யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டார்களா?

"சார், அது அந்த பீரோவுல இருக்காது."

திரும்பினான். அறை வாசலில் ஒரு இளைஞன் நின்றிருந்தான். ஒல்லி. அழுது சிவந்த கண்.

"எது இருக்காது?"

"கோட்டுதானே தேடறீங்க? இரும்பு பீரோவுல அண்ணா வெக்க மாட்டாரு. மழ நாள்ல உள்ள வேர்க்கும்."

அண்ணா. நாகேஷுக்கு சுருக்கென்றது. பெங்களூரில் ஆட்டோக்காரர்கூட அண்ணாதான். ஆனாலும் இந்த வீட்டில், இன்றைக்கு, அந்த வார்த்தையைச் சொல்ல ஒருவனுக்குத்தான் உரிமை.

"நீ யாருப்பா?"

"விக்கி சார். எதிர் லைன். ஏசி மெக்கானிக்."

கேட்காமலே உள்ளே வந்தான். கதவுக்குப் பின்னால் ஒரு மர அலமாரி இருந்தது. நாகேஷ் அதை இதுவரை பார்த்ததே இல்லை.

"முன்னாடி அந்தச் சுவத்துல இருந்துச்சு. அது பாத்ரூம் சுவரு, ஓதம் ஏறுது. அண்ணா சொன்னாருன்னு போன வருஷம் நான்தான் இந்தப் பக்கம் மாத்தினேன்."

பழைய வெள்ளை வேட்டியைப் பையாகத் தைத்து மூடியிருந்த ஒன்றை விக்கி எடுத்தான். கிராம்பு வாசனை குப்பென்று வந்தது. இரண்டு கைகளாலும் அடியில் தாங்கி, சொந்தப் பொருளை எடுக்கிறவன் மாதிரி எடுத்தான்.

"குடு இப்படி." நாகேஷ் ஹேங்கரின் கொக்கியைப் பற்றி இழுத்தான்.

"சார், சார்! கொக்கியப் புடிச்சு உலுக்கினா தோள்பட்ட எழும்பிடும். கீழ கை குடுங்க."

அண்ணனுடைய கோட்டை எப்படிப் பிடிப்பது என்று தம்பிக்கு எதிர் வீட்டு ஏசி மெக்கானிக் சொல்லிக் கொடுக்கிறான்.

நாகேஷ் கீழே கை கொடுத்தான். வேறு வழி?

மர்பி டவுனில் கோவிந்தப்பாவின் கோட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் விருந்து ஹாலைப் பார்த்துக்கொண்ட மனிதர் அவர். தன் கல்யாண ரிசப்ஷனுக்கு யாரோ ஒரு சூப்பர்வைசரிடம் கோட்டு இரவல் வாங்கியிருந்தார். கொடுத்தவர் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளை ஐஸ்கிரீம் கப்பைத் தொட்டபோதெல்லாம் நாற்காலியை விட்டு எழுந்து எழுந்து நின்றாராம். அந்த வருஷம் முடிவதற்குள் கோவிந்தப்பா கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு தையல்காரரிடம் அளவு கொடுத்தார். கருநீலக் கம்பளித் துணி. தனக்கென்று ஒரு சூட்.

ஏப்ரல் பதினாலாம் தேதி அண்ணல் பிறந்தநாள் ஊர்வலத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நடப்பார். மற்ற நாளில் அது தெருவுக்குச் சொந்தம். எந்த வீட்டுப் பையனுக்குக் கல்யாணம் ஆனாலும் ரிசப்ஷன் மேடையில் அவன் முதுகில் அந்தக் கோட்டுதான். "பொண்ணு வீட்டுக்காரங்க எதிர்ல நம்ம பசங்க கூனிக்கிட்டு நிக்கக் கூடாது. அண்ணல் எப்படி நின்னாரு, படத்தப் பாரு" என்று ஹால் சுவரைக் காட்டுவார். காசு வாங்க மாட்டார். ஆனால் சொன்னபடி வைத்துக்கொள்ள வேண்டும். பாக்கெட்டில் எதையும் திணிக்கக் கூடாது. சென்ட் அடிக்கக் கூடாது. கீழ் பட்டனைப் போடக் கூடாது. கழற்றியதும் மடிக்கக் கூடாது. ஒரு ராத்திரி காற்றாட மாட்டி வைத்து, மறுநாள் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தள்ளிவிட்டு, அப்புறம்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

அவருக்குக் குழந்தை கிடையாது. தெருவில் எத்தனை மாப்பிள்ளைகள் அதைப் போட்டார்கள் என்று அவருக்கே கணக்கு இருந்திருக்காது.

தெருவுக்கெல்லாம் கொடுத்தார். கூடப் பிறந்தவனுக்குக் கொடுக்கவில்லை.

நாகேஷின் கல்யாணத்தின்போது, "அது உனக்கு வேணாண்டா நாகு" என்றார். அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் பழுப்பு நிறத்தில் வேறு ஒன்று தைத்துக் கொடுத்தார். நாகேஷ் அதைப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றான். ஒரு படத்திலும் சிரிக்கவில்லை. கண்டவனுக்கெல்லாம் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லையே என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அத்திபெலேக்குக் குடித்தனம் போனபிறகு அந்தப் பழுப்புக் கோட்டை வாஷிங் மெஷினில் போட்டான். கோட்டின் மார்புத் துணியெல்லாம் உப்பி, கொப்புளம் கொப்புளமாக வெளியே வந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்த்தபோது அவனுக்கு ஒரு திருப்தி இருந்தது.

அதற்கப்புறம் ஹோசூர் ரோடு டிராஃபிக்கைச் சொல்லியே காலம் ஓடிவிட்டது. தீபாவளிக்கு ஒரு போன். பொங்கலுக்கு ஒரு போன். நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி போன் செய்தபோது, அவனுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை.

கோட்டு இனி யாருக்கு என்கிற கேள்விதான் வந்தது.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வேட்டிப் பையைக் கழற்றினான். இத்தனை வருஷத்துக் கோட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முழங்கையில் பளபளப்பு இல்லை. காலர் மடிப்பு வெளுக்கவில்லை. துணி பட்டாகவும் இல்லை, முரடாகவும் இல்லை. உள்ளங்கையை வைத்தால் எடுக்கத் தோன்றாத ஒரு கனம்.

அப்போதுதான் அதைப் பார்த்தான்.

முதுகின் இரண்டு பக்கமும், கைகளின் ஓரத்திலும் வெள்ளை நூல். பெரிய பெரிய ஓட்டுத் தையல். யாருக்கோ பிடித்து வைத்திருந்தார்கள்.

"இது யாரு அளவு?"

விக்கி தரையைப் பார்த்தான்.

"அந்தப் புள்ள அளவுதான் தம்பி." வாசலில் ஃபாத்திமா நின்றிருந்தாள். பக்கத்து வீடு. பிளவுஸ் தைக்கிறவள். ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் துணியை வெட்டாமல் ஓட்டுத் தையல் போட்டுக் கொடுத்து, காரியம் முடிந்ததும் பிரித்துவிடுவது அவள்தான். "ஞாயித்துக்கெழம இவனுக்கு ரிசப்ஷன். அடுகோடில. பார்கவின்னு பொண்ணு. கோவிந்தண்ணா ஆஸ்பத்திரி போற அன்னிக்குக் காலைல என்னையக் கூப்ட்டு உட்டாரு. சேர்ல உக்காந்துக்கினு, இங்க புடி, அங்க லூஸ் உடுன்னு ஒரே பாடு. அரே, மூச்சு வாங்குதுப்பா, பேசாம இருன்னேன். கேட்டாத்தானே?"

கடைசியாக அவர் உட்கார்ந்து செய்த வேலை இவனுக்கு அளவு பிடித்தது.

இன்று வெள்ளிக்கிழமை.

நாகேஷ் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டான். விக்கியின் கை அதைச் சரிசெய்ய எழுந்து, பாதியில் நின்றது.

"அண்ணன் இதப் போட்டுட்டுதான் போவாரு" என்றான் நாகேஷ்.

 பிணத்துக்குப் போட்ட கோட்டைத் திரும்பக் கழற்றி மாப்பிள்ளைக்குப் போட எந்தப் பெண் வீடும் சம்மதிக்காது. அது அவனுக்கும் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியும். இந்தக் கோட்டின் கதை இன்று சாயங்காலம் கல்பள்ளி மயானத்தில் முடிந்துவிடும். ஒருவனுக்கும் இல்லை.

"ஆனா தம்பி..." என்று ஃபாத்திமா ஆரம்பித்தாள்.

"ஆண்ட்டி, உடுங்க. அண்ணாவோடதுதானே. அவரே போட்டுட்டுப் போகட்டும்." விக்கி ஃபாத்திமா பக்கம் திரும்பினான். "நூலப் பிரிச்சுக் குடுங்க."

சண்டைக்கு நாகேஷ் வார்த்தைகளை எல்லாம் அடுக்கி வைத்திருந்தான். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஹாலில் ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடிமேல் கை வைத்தபடி ஜானகி அண்ணி உட்கார்ந்திருந்தாள். அவன் குனிந்து காதருகே சொன்னான்.

"அண்ணி, அண்ணனுக்கு அந்த நீலக் கோட்டப் போட்டு அனுப்பலாம்னு பாக்கறேன்."

ஜானகி நிமிர்ந்தாள். அவள் கண் முதலில் அறை வாசலில் நின்ற விக்கியிடம் போனது. அப்புறம்தான் நாகேஷிடம் வந்தது.

"நீங்க தம்பி. நீங்க சொன்னா சரி."

முதலில் யாரைப் பார்த்தாள் என்பதை நாகேஷ் மறக்கவில்லை.

குளிப்பாட்டி முடித்து கோவிந்தப்பாவை ஹாலில் பாய்மேல் கிடத்தினார்கள். பெண்கள் வெளியே போனார்கள். சட்டையைப் பின்னால் கிழித்து மாட்டியாயிற்று. பேண்ட் ஏறிவிட்டது. வியாதி தின்ற உடம்பு, இடுப்பில் இரண்டு பேர் நுழையலாம்.

கோட்டுதான் தகராறு செய்தது.

ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்த பிரகாஷ் கையைத் தூக்கிப் பார்த்தான். கை மரக்கட்டை மாதிரி நின்றது.

"ஆகாது சார். வெறச்சிடுச்சு. இதுக்கு ஒரே வழிதான்." பையிலிருந்து ஒரு பெரிய கத்தரிக்கோலை எடுத்தான். "பின்னாடி நடு முதுகுல காலர்லேந்து கீழ வரைக்கும் ஒரு வெட்டு. ரெண்டு பக்கமும் சொருகி உட்டுடலாம். முன்னாடி பாத்தா ராஜா மாதிரி இருக்கும். படுத்திருக்குறவரு முதுக யாரு பாக்கப் போறாங்க? எல்லாருக்கும் இப்படித்தான். ஸ்வல்ப சீக்கிரம் சொல்லுங்க சார், இந்திராநகர்ல இன்னொரு பாடி வெயிட்டிங்."

"டேய் டேய் டேய்!" கும்பலிலிருந்து ஒரு குரல் பாய்ந்தது. கேப் ஓட்டுகிற யுவன். "கத்திரிய உள்ள வெய்யி மொதல்ல! இன்னா கோட்டுன்னு தெரியுமா உனக்கு?"

"ஏன் பாஸ், கோட்டுதானே?"

"கோட்டுதானேவா? இதப் போட்டுக்கினு மூணு மணி நேரம் நான் உக்காரவே இல்ல. மேடைல சேர் இருக்குது, அரசன் சேரு. ஃபோட்டோகிராஃபர் உக்காரு உக்காருங்கறான். உக்காந்தா பேண்ட் முட்டி உப்பிடும்னு அண்ணா சொல்லியிருக்காரு, நான் மாட்டேன்னுட்டேன். எம் பொண்டாட்டி மட்டும் உக்காந்துக்கினு இருக்கா. ஆல்பத்தப் பாத்தா அவளுக்கு நான் பாடிகார்டு மாதிரி இருக்கேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாவு வீடு என்பது நினைவு வந்து நிறுத்தினார்கள். ஆனால் அடங்கவில்லை.

"எனக்குக் கேக் ஊட்ட மச்சினிச்சி வந்தா. தள்ளிப் போன்னு கத்திட்டேன். இன்னி வரைக்கும் அவ எங்கூட பேசறதில்ல."

"பாக்கெட்ல கர்சீப்கூட வெக்க உடலப்பா மனுஷன். மூக்க எங்க தொடைக்கறது?"

"நீ எங்கதான் தொடச்ச?"

"பொண்ணோட பொடவைல."

இந்தத் தடவை சிரிப்பு வெளியே கேட்டிருக்கும். ஒவ்வொருவனிடமும் அண்ணனின் ஒரு துண்டு இருந்தது. அவர் எப்படி இரண்டு விரலால் காலரைத் தூக்கிவிட்டார், எப்படித் தட்டி நிமிர்த்தினார், கண்ணாடி முன்னால் நிறுத்தி என்ன சொன்னார் என்று பேசிக்கொண்டே போனார்கள். நாகேஷ் தலைமாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்ல ஒன்றும் இல்லை. இரத்த சம்பந்தம் உள்ளவன் அவன் ஒருவன்தான். அந்த அறையில் விருந்தாளி மாதிரி நின்றவனும் அவன்தான்.

"போதும்" என்றான். "ஊருக்கெல்லாம் வாரிக் குடுத்தாரு. நல்லாப் போட்டீங்க. இப்ப அவரு போடட்டும்."

சிரிப்பு அறுந்தது. யுவன் அவனை நேராகப் பார்த்தான்.

"உங்களுக்கு இன்னா சார் கோவம்? நாங்கதான் உங்க மேல காண்டா இருந்தோம்."

"என் மேலயா?"

"பின்ன? எங்களுக்கெல்லாம் இரவலு. உங்களுக்கு மட்டும் சொந்தமாத் தச்சுக் குடுத்தாரு. எங்கப்பா சொல்லுவாரு, பார்றா, கூடப் பொறந்தவன் இன்னொருத்தன் கழட்டினதப் போடக் கூடாதுன்னு கோவிந்தப்பா லோன் போட்டாண்டான்னு. நான் அப்ப சின்னப் பையன். ஏம்ப்பா நமக்கு ஒரு அண்ணன் இல்லன்னு கேட்டு அடி வாங்கியிருக்கேன்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி.

நாகேஷின் காது சூடானது.  

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றான். பிரகாஷின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டான். "நான் பாத்துக்கறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள்.

இப்போது அவனும் அண்ணனும் மட்டும். அண்ணனின் கன்னம் உள்ளே போய், மூக்கு நீண்டு, யாரோ மாதிரி இருந்தார். கோட்டு நாற்காலி முதுகில் தொங்கியது. ஃபாத்திமா நூலைப் பிரித்துவிட்டிருந்தாள். இத்தனை மாப்பிள்ளைகளுக்குப் பிடித்துப் பிடித்துப் பிரித்ததில் தையல் ஓரம் முழுக்க ஊசித் துளைகள். உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

கூடப் பிறந்தவன் இன்னொருத்தன் கழட்டினதப் போடக் கூடாது.

அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? யுவனின் அப்பனிடம் சொல்லத் தெரிந்ததே?

கோபம் மறுபடியும் மேலே ஏறியது. நடு முதுகைத் தேடிப் பிடித்தான். காலர் விளிம்பில் கத்தரிக்கோலின் வாயை வைத்தான். ஒரு அழுத்து அழுத்தினால் முடிந்தது.

அழுத்தவில்லை.

கத்தரிக்கோலை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் கதவைப் பார்த்தான். சாத்தித்தான் இருந்தது. சட்டென்று வலது கையைக் கோட்டுக்குள் விட்டான். அப்புறம் இடது கை. உள்துணி குளிர்ச்சியாக வழுக்கிக்கொண்டு போனது. தோளில் வந்து உட்கார்ந்தது.

உட்கார்ந்தே விட்டது. இழுக்கவில்லை, தொங்கவில்லை. ஓட்டுத் தையல் எதுவும் வேண்டாம். அண்ணனின் தோளும் அவன் தோளும் ஒரே அளவு.

அந்த வீட்டில் கண்ணாடிகளையெல்லாம் துணி போட்டு மூடியிருந்தார்கள். மூலைக்குத் தள்ளப்பட்ட ஃப்ரீசர் பெட்டியின் மூடிதான் மீதி. நாகேஷ் அதன் முன்னால் போய் நின்றான். கண்ணாடியில் ஒரு கருநீல ஆள் தெரிந்தான். முகம் தெரியவில்லை. தோள் தெரிந்தது.

நிமிர்ந்து நின்று பார்த்தான்.

கதவு திறந்தது.

"சார், வெந்நீர்..."

விக்கி கையில் பக்கெட்டோடு நின்றான். நாகேஷ் அசையவில்லை. கழற்றவும் முடியவில்லை. போட்டிருக்கவும் முடியவில்லை. இப்போது இவன் வெளியே போய்ச் சொல்லப் போகிறான். தெருவே சிரிக்கப் போகிறது. அண்ணன் பாயில் கிடக்க, தம்பி கோட்டைப் போட்டுப் பார்த்தான் என்று அத்திபெலே வரைக்கும் வரும்.

விக்கி பக்கெட்டைக் கீழே வைத்தான். கதவைக் காலால் தள்ளிச் சாத்தினான். 

"சார்... பின்னாடி காலர் மடங்கியிருக்கு."

நாகேஷ் கையைப் பின்னால் கொண்டுபோய்க் காலரை எடுத்துவிட்டான். மெதுவாகக் கோட்டைக் கழற்றினான். விக்கி அதற்காகக் கை நீட்டவில்லை. நாகேஷே அதை நாற்காலி முதுகில் மாட்டினான்.

"துணிய வெந்நீர்ல நனைச்சு மூட்டுல வெச்சு தேச்சா கை மடங்கும் சார்" என்றான் விக்கி, பக்கெட்டைப் பார்த்தபடி. "எங்கப்பாவுக்கு அப்படித்தான் பண்ணோம். நேரமாகும். வெட்டவேண்டியதில்ல. நான் வேணா..."

"நானே பண்ணிக்கறேன்."

"சரி சார்."

விக்கி கதவை மறுபடி சாத்திவிட்டுப் போனான். நாகேஷ் பாய் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்து அண்ணனின் தோள் மூட்டில் வைத்தான். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான். தண்ணீர் ஆறியது. மறுபடி முக்கினான். முழங்கை. மணிக்கட்டு. ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன புறங்கை.

எத்தனை வருஷம் ஆயிற்று இந்தக் கையைத் தொட்டு? தெரியவில்லை. அந்தத் தையல் கடையில் அளவு எடுத்தபோது இதே கை அவன் மோவாயைப் பிடித்துத் தூக்கியது நினைவுக்கு வந்தது. "நிமிந்து நில்லுடா. எங்க பாக்கற? நேரா பாரு." அவன் நேராகப் பார்க்கவில்லை. கடை வாசலில் மாட்டியிருந்த யாரோ ஒருவனின் நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் அதைக் கவனித்தாரா? கவனித்திருப்பார். துணி விஷயத்தில் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

வெளியே பிரகாஷ் யாரிடமோ கன்னடத்தில் சலித்துக்கொண்டிருந்தான். நாகேஷ் தேய்த்தான். வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. தோள் கொஞ்சம் கொடுத்தது. இன்னும் கொஞ்சம். முழங்கை ஒரு கணம் முரண்டு பிடித்து, பிறகு மடங்கியது. தூக்கம் கலையாமல் ஒருவர் கையைக் கொடுக்கிற மாதிரி.

இரண்டாவது கையும் வந்தபோது வெந்நீர் பச்சைத் தண்ணீராகியிருந்தது.

ஆனால் ஒரு ஆளால் முடியாது. உடம்பைத் தூக்கிப் பிடிக்க ஒருவர், கோட்டை ஏற்ற ஒருவர். நாகேஷ் ஒரு தடவை தனியாக முயன்று பார்த்தான். அண்ணனின் தலை தொங்கியது. மறுபடி படுக்க வைத்தான். யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தான். யுவனை? பிரகாஷை?

"விக்கி" என்று கூப்பிட்டான்.

வாசலிலேயே நின்றிருந்தான் போல. உடனே வந்தான்.

நாகேஷ் அண்ணனை முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து உட்கார்த்தி வைத்து, தன் மார்பில் சாய்த்துக்கொண்டான். ஈரத் தலை அவன் தாடையில் பட்டது. விக்கி ஒரு கையைச் செலுத்தினான். முதுகைச் சுற்றிக் கொண்டுவந்தான். இன்னொரு கை. உள்துணி சுருளாமல் விரலால் நீவி நீவி இறக்கினான். அவசரமே படவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் முதுகில் ஏற வேண்டியதை இவன் இப்படி ஏற்றுகிறானே என்று நாகேஷ் பார்த்தான்.

"ஞாயித்துக்கெழமைக்கு இன்னா பண்ணுவ?"

"பாத்துக்கலாம் சார். வெள்ளச் சட்ட இருக்கு."

"பொண்ணு வீட்ல?"

"கேப்பாங்க." விக்கி தோள்பட்டையைச் சரிசெய்தான். "அண்ணா இருந்திருந்தா அவரே பதில் சொல்லியிருப்பாரு."

படுக்க வைத்தார்கள். அண்ணனின் உடம்பு இளைத்திருந்தாலும் தோள் இளைக்கவில்லை. கோட்டு வந்ததும் யாரோ மாதிரி இருந்தவர் கோவிந்தப்பாவாகிவிட்டார்.

பட்டன் போடுவது தம்பியின் வேலை. நாகேஷ் மேல் பட்டனைப் போட்டான். கீழ் பட்டனையும் போட்டான். விக்கியின் கை எழுந்தது. இந்தத் தடவையும் பாதியிலேயே நின்றுவிட்டது. 

நாகேஷ் அந்தக் கையைப் பார்த்தான். அண்ணனின் வயிற்றைப் பார்த்தான். கீழ் பட்டனை அவனே கழற்றினான்.

"கதவத் தொற" என்றான்.

கல்பள்ளியில் மண் ஈரமாக இருந்தது. புத்த விகாரையிலிருந்து வந்தவர் பாலி மொழியில் ஓதி முடித்துக் கைகூப்பினார். வெள்ளைத் துணியில் தாங்கி இறக்கினார்கள். அடியில் போய்ப் படுத்ததும் நான்கு முனைகளையும் விட்டார்கள். துணி இரண்டு பக்கமும் விலகி விழுந்தது. பள்ளத்தின் இருட்டில் கோட்டின் நீலம் கறுப்பாகத் தெரிந்தது. காலர் படிந்திருந்தது. கை இரண்டும் பக்கத்தில் தாராளமாக மடங்கியிருந்தன.

கரையைச் சுற்றி ஆண்கள் நின்றார்கள். பெரும்பாலும் ஒரு நாள் மாப்பிள்ளைகளாக நின்றவர்கள்.

குழி வெட்டியவர் மண்வெட்டியை ஊன்றினார். "தம்பி யாரு? மொதல்ல நீங்க ஒரு புடி தள்ளுங்க."

நாகேஷ் குனிந்து அள்ளினான். நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினான். நேர் கீழே அண்ணனின் மார்பில் அந்தக் கோட்டு. விரல்கள் பிரியவில்லை.

"தள்ளுங்க சார், நேரமாகுது."

அவன் கரையோரமாக நடந்து கால்மாட்டுக்குப் போனான். குத்த வைத்து உட்கார்ந்து, பாதத்துக்கு அந்தப் பக்கம் மண்ணை விட்டான்.

அடுத்தது யுவன். அவனும் ஒரு பிடி அள்ளிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், சுற்றிக்கொண்டு கால்மாட்டுக்கு வந்தான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் சுற்றினான். வரிசை அப்படியே அந்தப் பக்கம் திரும்பியது. குழி வெட்டியவர் இதென்ன புது வழக்கம் என்பது போலப் பார்த்தார். 

விக்கி கடைசி. அவன் குப்புறப் படுத்துவிட்டான். வெள்ளைச் சட்டை சேற்றில் பட்டது. கையை முடிந்தவரை கீழே இறக்கி, பொட்டு மண்கூடத் தெறிக்காதபடி உள்ளங்கையைத் திறந்தான்.

நாகேஷ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். தான் போட்டதைவிட அது மெதுவாக விழுந்தது.

மண்வெட்டி உயர்ந்தது.

"இருங்க" என்றான் நாகேஷ். இன்னொரு பிடி அள்ளிக்கொண்டு, கால்மாட்டில் விக்கியின் பக்கத்தில் போய்ப் படுத்தான்.